ஏற்றத்தில் நாலு மூச்சு

என்னிடம் இருக்கும் அஞ்சலட்டையில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "மாசி 6. தம்பிக்கு. சத்தம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரவும். ஓடாத உங்கள் ரேடியோவில் ஸ்பீக்கர் மட்டும் நன்றாக இருந்தால் கழற்றி எடுத்து வரவும். அண்ணனிடம் சொல்ல வேண்டாம்." ஆண்டு போடவில்லை. தபால் முத்திரையில் ஏழு வரை தெரிகிறது. அடுத்த எண்ணின் மேல் எண்ணெய் பட்டிருக்கிறது. நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகாவின் கிழக்கு மூலையில் ஒரு வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்தது 1973 நடுவிலிருந்து 1977 தொடக்கம் வரை. 1974 மாசியில் அட்டை எழுதியவரின் வீட்டில் புதுக் கிணறு வெட்டி முடியவில்லை. 1976 மாசியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடியதை என் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஆகவே இந்த அட்டை 1975.

எழுதியவரை ஊரில் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. அவர் இருந்தது தன் அண்ணனின் கடலைத் தோட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் மீட்டர்கேஜ் தடத்தை ஒட்டி, மீனாட்சிபுரத்துக்கும் முதலமடைக்கும் நடுவே. வீட்டுக்குப் பின்னால் தென்னைகளின் கீழே, முட்டை வடிவத்தில் ஒரு ரயில் பாதை போட்டிருந்தார். சுற்றி வந்தால் எண்பது தப்படி. நிலம் சரிவானது, ஆகவே பாதையில் பாதி ஏற்றம், பாதி இறக்கம். தண்டவாளம் என்பது கோயமுத்தூர் மில்லுகளுக்கு வரும் பஞ்சுப் பொதியைக் கட்டும் இரும்புப் பட்டை. அதைச் செங்குத்தாக நிறுத்தி வேலமரக் கட்டைகளில் பதித்திருந்தார். சக்கரங்கள் இடுக்கி மலையின் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவை. அங்கே கொழுந்து மூட்டையைக் கம்பியில் தொங்கவிட்டு மலையிறக்குவார்கள். அந்தக் கம்பியில் ஓடும் பள்ளம் விழுந்த சின்ன உருளைகள். பட்டையின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது.

கணவர் அந்த எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். பதினோரு வருடம் அங்கே குடித்தனம். அவர் காய்ச்சலில் போனபின் அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெட்டியில் நாலு சேலை. மீதியெல்லாம் உருளை, அரம், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல்.

எஞ்சின் ஒன்றரை முழ நீளம். வாளையாரில் கழித்துப்போட்ட ஒரு லாரியின் வைப்பர் மோட்டாரும் பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரியும் அதை ஓட்டின. பார்ப்பதற்கு அப்படியொன்றும் அழகில்லை. புகைபோக்கி இருக்கவேண்டிய இடத்தில் குழாய்த் துண்டு. பெயின்ட் பாதியில் நின்றிருந்தது. நான் அதைச் சொன்னபோது அக்கா சிரித்தார்.

"பாக்கறதுக்கு முன்னப்பின்ன இருந்தாப் போகுதுங் தம்பி. கேக்கறதுக்கு இருக்கப்படாது."

இதுதான் அவர். காதால் வாழ்ந்த மனுஷி. என் சைக்கிள் தோட்டத்து வேலியைத் தாண்டும் முன்பே, "பின்சக்கரத்துல ஒரு கம்பி லூசா இருக்குதுங்க, பாத்துக்கங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒருநாள் அண்ணனிடம், பழைய கிணற்றில் வைத்த புது மோட்டாரின் பேரிங் ரெண்டு நாள்தான் தாங்கும் என்றார். "கரண்டு வந்து மூணு மாசம் ஆகல, பேரிங் போயிருமா? போ புள்ள, போய்ச் சோத்த வடி" என்றார் அண்ணன். மூன்றாம் நாள் மதியம் மோட்டார் கருகிய வாசனை சமையல்கட்டு வரை வந்தது. அக்கா சோற்றைத்தான் வடித்துக்கொண்டிருந்தார். அதுவே அண்ணனுக்குப் பெரிய அடியாக இருந்தது.

பக்கத்து ஊர்க் கோயில் நோம்பியில் தவில்காரரிடம் போய், வலந்தலைத் தோல் நனைந்திருக்கிறதா என்று கேட்டு அவரைக் கோபப்படுத்தியவர். கோபப்பட்டவர் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெயிலில் வைத்தார் என்பதையும் நான் பார்த்தேன்.

அப்படிப்பட்டவருடைய வண்டி சத்தமில்லாமல் ஓடியது. மோட்டாரின் மெல்லிய முனகல் மட்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் "ஜோரா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அக்கா மட்டும், "ஊமையா ஓடுது" என்பார்.

அவருக்குத் தேவைப்பட்டது எந்தச் சத்தம் என்பதில் குழப்பமே இல்லை. தினமும் வேலிக்கு அப்பால் அது போய்வந்தது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் வண்டிக்கு ஏற்றம், திரும்பி வரும்போது இறக்கம். "குப்புகுப்புன்னு பொஸ்தகத்துல எழுதறாங்க பாருங்க, அவுங்கெல்லாம் வண்டியக் காதுல கேட்டதே இல்லீங்க. அது குப்பு இல்ல. காத்து கிழியற சத்தம். பெரிய சக்கரம் ஒருக்கா சுத்தறதுக்குள்ள நாலு தடவ. நாலுதான். நானும் எண்ணி எண்ணிப் பாத்துட்டேன்."

முதலில் சைக்கிள் கம்பியில் அட்டை கட்டுவது போலச் சக்கரத்தில் ஒரு அட்டையை உரசவிட்டார். "ராட்டை சுத்தற சத்தம்" என்று அண்ணன் சொன்னதை அவரே ஒத்துக்கொண்டார். அடுத்து உப்புத்தாள். மரக்கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, சக்கரம் சுற்றச் சுற்ற ஒன்றின்மேல் ஒன்று நாலு தடவை தேய்க்கும்படி செய்தார். இது நன்றாகவே இருந்தது. ஆனால் அரைமணி நேரத்தில் தாள் வழுக்கையாகிவிடும். அதன்பின் கிழவர் மூச்சுவிடுவது போலிருக்கும்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பந்தி.

நாட்குறிப்பில் 1975 தை மாதக் கடைசி ஞாயிறு என்றிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் கண்டதற்காக அண்ணன் கிடா வெட்டி விருந்து வைத்தார். கிணற்றிலிருந்து கீழ்க்காட்டு நிலத்துக்கு வாய்க்கால் வெட்டுவது பற்றிப் பேச்சு வந்தது. நேர்கோடாக வெட்டினால் அது அக்காவின் பாதையை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போகும். வளைத்து வெட்டினால் சுக்கான் பாறை. கடப்பாரை ஒவ்வொரு குத்துக்கும் திரும்பி எகிறும். சுற்றிக் கொண்டுபோகச் சொல்லி அக்கா பரிமாறிக்கொண்டே கேட்டார்.

"வெளையாட்டுச் சாமானுக்காவ வாய்க்காலக் கோணையா வெட்டச் சொல்றியா?" என்றார் அண்ணன்.

"அது வெளையாட்டுச் சாமானில்லீங்ணா. வண்டி."

"வண்டின்னா சத்தம் வரோணும்ல." அண்ணன் எதிர் வரிசையைக் காட்டினார். அங்கே உட்கார்ந்திருந்தவர் இதே தடத்தில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைப் பக்கத்துக்காரர், மகள் வீட்டோடு முதலமடையில் இருந்தார். "அதா, முப்பது வருசம் எஞ்சின் ஓட்டினவரு. அவரு கண்ணக் கட்டிக்கிட்டுக் கேட்டு, இது வண்டிதான்னு சொல்லட்டும். நா பாறைய ஒடச்சு வளச்சே வெட்டறேன். இல்லீன்னா, பங்குனி பொறந்ததும் உன்ற தண்டவாளத்தப் புடுங்கி ஆட்டுப்பட்டிக்கு வேலி கட்டிருவேன். என்ன சொல்ற?"

"செரீங்ணா" என்றார் அக்கா.

"என்னைய எதுக்குப்பா இழுக்குறீக?" என்றார் டிரைவர். "நான் கறி திங்க வந்தவன்."

பந்தி சிரித்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் இலை போட்ட இடத்தில் சொன்ன வார்த்தையை எடுத்துவிட முடியாது. அறுபது பேர் கேட்டிருந்தார்கள். சொன்னவருக்கும் அது தெரியும். "செரீங்ணா" என்றவருக்கும் தெரியும்.

சத்தம் கிடைத்த கதையை அஞ்சலட்டைக்குப் பிந்திய ஞாயிறன்று அக்காவே செய்துகாட்டினார். அண்ணனுடைய டிரான்சிஸ்டர் ரேடியோ, தோலுறை போட்டது, செங்கல் அளவு. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் தமிழ் நிலையமும் வரும், மலையாள நிலையமும் வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முள்ளைத் திருப்பும்போது நடுவில் ஒரு வெற்றிடம். அங்கே "உஸ்ஸ்" என்று வெறும் இரைச்சல். எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம்.

அக்கா முள்ளை அங்கேயே நிறுத்தினார். உள்ளங்கையால் ஸ்பீக்கரை மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார்.

எனக்குக் கைமயிர் சிலிர்த்தது. வேலிக்கு அப்பாலிருந்து வரும் அதே சத்தம்.

"எத்தனை வருசமா இந்த ரேடியோ இங்கியே இருக்குதுங்க" என்றார். "நானும் பாட்டுக் கேட்டுட்டுக் கெடந்திருக்கறேன்."

மற்றது கைவேலை. எஞ்சினின் அச்சில் ஒரு மரவட்டு, அதில் நாலு செம்புத் தகடு. ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர் அந்தத் தகடுகளை உரசிக்கொண்டு, நான் கொண்டுபோன ஸ்பீக்கருக்குப் போகும். தகடு பட்டால் இரைச்சல், விலகினால் அமைதி. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு மூச்சு. வண்டி மெதுவாகப் போனால் மூச்சும் மெதுவாக வரும். வேகமெடுத்தால் சேர்ந்து வேகமெடுக்கும். யாரும் எதையும் ஒத்திசைக்க வேண்டியதில்லை. ரேடியோ, எஞ்சினுக்குப் பின்னால் ஒரு திறந்த பெட்டியில் ஏறிக்கொண்டது. இத்தனைக்கும் காசு கொடுத்து வாங்கியது ஈயம் ஒன்றுதான். செம்புத் தகடு ஓட்டைக் குடத்திலிருந்து வெட்டியது.

மதியம் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார், நான் ஓட்டினேன். ஒருமுறைகூடக் குறை சொல்லவில்லை. பொழுதோட, வெயில் தாழும் நேரத்தில், அண்ணன் சந்தையிலிருந்து வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. "வந்துட்டீங்கள்ல, கேளுங்க" என்று அக்கா வண்டியை விட்டார்.

கிணற்றுப் பக்கம் திரும்பும் வரை நன்றாக வந்தது. திரும்பியதும் எஞ்சின் பேச ஆரம்பித்தது. "வார்… த்த… கள்… வா… யிக்…" என்று துண்டு துண்டாக, ஒரு ஆணின் கம்பீரமான குரல். அடுத்த திருப்பத்தில் குரல் தேய்ந்து மறுபடி மூச்சுச் சத்தம். மறுசுற்றில் கிணற்றுப் பக்கம் வந்ததும் மறுபடி செய்தி.

மதியம் காலியாக இருக்கும் இடத்துக்குப் பொழுது சாய்ந்தால் தூரத்து நிலையம் வந்து குடியேறிவிடும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. அதுவும் ரேடியோ ஒரு பக்கம் பார்த்தால்தான் எடுக்கும். மறுபக்கம் திரும்பினால் விட்டுவிடும். வட்டமாக ஓடும் ரேடியோவை அதற்குமுன் யார் பார்த்தார்கள்?

அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியோடு கூடவே நடந்தார். "நிறுத்தாத புள்ள. ஊமைங்கறியே, உன்ற எஞ்சினு மலையாளமே பேசுது. நியூஸ் முடியட்டும்." ஒரு சுற்று முடிந்ததும் நின்று, "அது என்ற ரேடியோ மாதிரி இருக்குதே?" என்றார்.

ரேடியோ தன்னுடையதுதான் என்று தெரிந்த பிறகும் அவர் திருப்பிக் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "டிரைவர வர்ற ஞாயித்துக்கெழமை பொழுதோட வரச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார். "மத்தியானம் அவரு தூங்கோணுமாமா." ஆக, நேரத்தை மாற்றவும் வழியில்லை.

அடுத்த மூன்று நாள் அக்காவுக்கு வழி எதுவும் புலப்படவில்லை என்று பிறகு அறிந்தேன். விடை காற்றில் வந்தது, உண்மையாகவே. மாசியில் கணவாய் வழியே கிழக்கத்திக் காற்று அடிக்கும். புழுதி சோற்றில்கூட விழும். ரேடியோவுக்குள் புழுதி போகிறதென்று அக்கா அதை முறுக்கு வைத்திருந்த பிஸ்கட் டின்னுக்குள் இறக்கி, வயர் வெளியே வர ஒரு துளை போட்டு, மூடியை அழுத்தினார். பொழுது சாய்ந்த நேரம், உள்ளே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மூடி இறுகியதும் குரல் செத்தது. இரைச்சல் மட்டும் மிஞ்சியது. திறந்தார், செய்தி. மூடினார், இரைச்சல். சுற்றிலும் தகரம் இருந்தால் நிலையம் உள்ளே வராது. ஆனால் இரைச்சல் ரேடியோவுக்குள்ளேயே பிறப்பது. அதற்கு நிலையம் வேண்டாம். வியாழக்கிழமை வில்லேஜ் ஆபீசுக்கு ஆள்மூலம் சொல்லியனுப்பினார்: "முறுக்கு டின்னு ஜெயிச்சிருச்சுன்னு சொல்லுங்க." செய்தி கொண்டுவந்தவர் எனக்கு ஏதோ சீட்டு விழுந்ததாக நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு. தென்னைகளின் கீழே முப்பது பேராவது இருப்பார்கள். டிரைவரை நாற்காலியில் பாதைக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, அவர் துண்டாலேயே கண்ணைக் கட்டினார் அண்ணன். முடிச்சை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார்.

அக்கா வண்டியை விட்டார். முதல் மூச்சு கனமாக வந்தது, அடுத்தது அதற்கு அடுத்தது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் திடீரென்று சக்கரம் வழுக்கியது. தென்னையிலிருந்து காலையில் இறக்கிய தேங்காயின் நீரோ எண்ணெயோ பட்டையில் பட்டிருக்கவேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, சத்தம் மட்டும் படபடவென்று ஓடியது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

டிரைவர் கட்டிய கண்ணோடு தலையைச் சாய்த்தார். "வீலு வழுக்குது, தாயி. மணலப் போடு."

அக்கா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பட்டைமேல் தூவினார். சக்கரம் பிடித்தது. மூச்சு மறுபடி கனமாக, மெதுவாக வந்தது. வண்டி ஏறியது. டிரைவரின் வலதுகை மடியிலிருந்து எழுந்து காற்றில் எதையோ பிடித்திருந்தது.

உச்சியைத் தாண்டியதும் சத்தம் அறுந்தது. துளிகூட இல்லை. பட்டை இணைப்புகளில் உருளை தட்டும் 'டக் டக்' மட்டும்.

"போச்சு" என்றார் அண்ணன். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. அதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். "வயரு புடுங்கிருச்சாட்ட இருக்குது. நின்னுபோச்சுங்க டிரைவரே."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்காவைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்றில் இருந்த அந்தக் கை மெதுவாக முன்னால் தள்ளியது, ஒரு பிடியை மூடுவது போல.

"நிக்கல" என்றார் டிரைவர். "ஸ்டீம மூடியாச்சு. இது இறக்கம். இறக்கத்துல எவன் ஸ்டீம் குடுப்பான்? பேசாம இருங்க, கீழ வந்ததும் தொறப்பா."

வண்டி கீழே வந்தது. பாதையோரம் அடித்திருந்த ஒரு ஆணி, பெட்டியில் இருந்த ஒரு சுவிட்சைத் தட்டியது. மூச்சு திரும்ப எழுந்தது. அந்த ஆணியையும் மேட்டில் சத்தத்தை நிறுத்திய இன்னொரு ஆணியையும் அக்கா அந்த வாரத்தில்தான் அடித்திருந்தார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "சொன்னா நீங்க வேண்டாம்பீங்க. பொள்ளாச்சியிலிருந்து வர்ற வண்டி இங்க மூச்சே விடாதுங் தம்பி. அப்பறம் இது மட்டும் எப்படி உடும்?"

மூன்று சுற்று முடியும்வரை டிரைவர் கட்டை அவிழ்க்கவில்லை. அண்ணன் அவர் முன்னால் போய் நின்றார். "சொல்லுங்க. இது வண்டியா?"

"வண்டிதான்" என்றார் டிரைவர். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக நேரம். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ஆனா தாயி, அம்புட்டு ஆளு நிக்கிற எடத்துல விசில் அடிக்காமத் தாண்டிட்ட. எங்க காலத்துல இதுக்கு மெமோ குடுப்பாக."

"அடுத்த மாசத்துக்குள்ள வெச்சர்றனுங்க" என்றார் அக்கா. அப்போதுதான் சிரித்தார்.

அண்ணன் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கிணற்றடியில் தொடங்கி, தென்னைகளை விட்டு விலகி, பாதையை மூன்றடி தள்ளிச் சுற்றி, கீழ்க்காடு வரை மண்ணைக் கீறிக்கொண்டே போனார். சுக்கான் பாறை உள்ள இடத்தில் மம்பட்டி தீப்பொறி விட்டது. அங்கேயும் கீறினார். திரும்பி வந்து வியர்வையோடு நின்று, "இத்தனை எடம் போதுமா, இல்ல உன்ற வண்டி இன்னும் பெருசாவுமா?" என்று கேட்டார்.

"ஒரு ஸ்டேசன் வரோணுங்ணா" என்றார் அக்கா.

கோடு இன்னும் ஒரு முழம் தள்ளிப் போனது.

பாறை உடைக்கப் பங்குனி முழுவதும் ஆயிற்று. அதன்பின் தோட்டத்துக்கு யார் வந்தாலும் அண்ணன்தான் முதலில் பின்பக்கம் கூட்டிப்போவார். அக்கா வண்டியை விடுவார், அண்ணன் வந்தவரின் கண்ணைக் கட்டுவார். உச்சியில் சத்தம் நிற்கும்போது, "நிக்கலீங்க. இறக்கம். இறக்கத்துல எவன் ஸ்டீம் குடுப்பான்?" என்று பிறந்ததிலிருந்து எஞ்சின் ஓட்டியவர் போலச் சொல்வார். அக்கா ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை.

நான் மாற்றலாகிப் போன பிறகு பல ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதியில் நிலத்தை மறுபடி அளக்கும் ரீசர்வே நடந்தது. சங்கிலி பிடித்து வந்தவர்கள் அந்த வாய்க்காலை அது ஓடுகிறபடியே வரைந்தார்களாம். சுற்றிலும் நேர்கோடுகளாக இருக்கும் அந்தப் படத்தில் ஓரிடத்தில் மட்டும் வாய்க்கால் ஒரு அரைவட்டம் அடித்து, ஒன்றுமில்லாத ஒரு வெற்றிடத்தைச் சுற்றிப் போகிறதாம். அண்ணன் கடைசியாக எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. படத்தின் நகலுக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. இது இன்னும் சரிபார்க்கப்படாதது.